பிள்ளைகளுக்கான ஆன்லைன் செஸ் போட்டிகள்: சில வருடங்கள் பார்த்த பிறகு

என் மகள் ஆன்லைன் செஸ் போட்டிகளில் ஆட ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகிவிட்டன. பெரும்பாலும் லிச்செஸ் என்ற செஸ் தளம், நடுவில் கொஞ்ச காலம் பிள்ளைகளுக்கான செஸ்கிட் தளம், அப்புறம் பயிற்சி வகுப்புக்காரர்கள் அவ்வப்போது ஜூமில் கேமரா போட்டு நடத்தும் போட்டிகள். ஆட்டம் நன்றாகத் தேறியிருக்கிறது, அதை விடுங்கள். தோற்கவும் ஜெயிக்கவும் அவள் எப்படிப் பழகினாள், அதில் இந்தப் போட்டிகள் எவ்வளவு உதவின, எவ்வளவு கெடுத்தன என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் அரீனா, அதாவது குறித்த நேரம் முடியும்வரை அடுத்தடுத்து ஆடிக்கொண்டே இருக்கும் போட்டி. லிச்செஸ் அரீனாவில் ஜெயித்தால் 2 புள்ளி, டிரா என்றால் 1, தோற்றால் ஒன்றுமில்லை. அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் ஜெயித்துவிட்டால் நெருப்புச் சின்னம் வரும், அதன்பின் ஜெயித்துக்கொண்டே போகும்வரை புள்ளி இரட்டிப்பு. பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும், என் மகளுக்கும்தான். ஆனால் ஒரு ஆட்டம் முடிந்த சில நொடிகளிலேயே அடுத்த எதிராளி வந்து நிற்பார், அதனால் சும்மா இருந்த யானையைப் பறிகொடுத்த ஆத்திரம் அப்படியே அடுத்த ஆட்டத்துக்குள் போகும், அங்கே போய் யோசிக்காமல் தன் நேரத்தைப் பாதியாக்கும் பெர்சர்க் பட்டனை அமுக்குவாள், அதிலும் தோற்பாள், அதற்கப்புறம் வீட்டில் யாரும் அவளிடம் பேச முடியாது. தோல்வியைச் செரித்துக்கொள்ள அரீனாவில் நேரமே கிடையாது.

ஸ்விஸ் முறைக்கு மாறிய பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. ரவுண்டுகள் இத்தனை என்று முன்பே முடிவு, ஒரு ரவுண்டில் எல்லோரும் ஆடி முடித்தால்தான் அடுத்தது. சீக்கிரம் தோற்றவள் காத்திருந்தே ஆகவேண்டும். ஆரம்பத்தில் அந்த நேரத்தில் லேப்டாப்பை டப்பென்று மூடுவாள். பிறகு எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வருவாள். இப்போது அவளாகவே ஆட்டத்தை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்து, "இங்க மந்திரியை நகத்தியிருக்கவே கூடாது" என்று முணுமுணுக்கிறாள். நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை, அந்த இடைவெளி செய்த வேலை அது. என்னைக் கேட்டால், சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்விஸ்தான், அதுவும் 10 நிமிடமும் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 5 நொடி கூடுதலும் இருக்கிற மாதிரி.

கடிகாரத்தை ஓடவிடுவது தெரியுமா? தோல்வி உறுதி என்று தெரிந்ததும் ரிசைன் செய்யாமல், நகர்த்தவும் செய்யாமல், கையைக் கட்டிக்கொண்டு மீதி நேரம் மொத்தத்தையும் கரையவிடுவது. மகள் இதைச் செய்தாள். "ரூல்ல எங்க தப்புன்னு போட்டிருக்கு?" என்று வாதம் வேறு. அறிவுரை எடுபடவில்லை. ஒருநாள் இவள் அடுத்த நகர்த்தலில் செக்மேட் வைக்க வேண்டிய இடத்தில் எதிரே இருந்த பிள்ளை அதையே செய்தது, எட்டு நிமிடம் மவுஸை விரலால் தட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அதோடு அந்தப் பழக்கம் போயிற்று.

எஞ்சின் சந்தேகம் இன்னொரு தலைவலி. தன்னைத் தோற்கடிப்பவர் எல்லோரும் கம்ப்யூட்டர் வைத்து ஆடுகிறார்கள் என்று ஒரு கட்டம் வரும், எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும். ஏமாற்றியவர் பிடிபட்டால் அவரிடம் தோற்றவர்களுக்கு ரேட்டிங் புள்ளியைத் திருப்பித் தரும் வழக்கம் லிச்செஸிலும் செஸ்.காமிலும் உண்டு. ஒரு முறை புள்ளி திரும்பி வந்ததும் எங்கள் வீட்டில் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது! அதன்பின் ஒரு விதி வைத்தோம், புகார் பட்டனைத் தொடும் முன் அந்த ஆட்டத்தை அலசிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் எதிராளி எதையும் அற்புதமாக ஆடியிருக்க மாட்டார், இவள்தான் குதிரையைக் காவல் இல்லாமல் விட்டிருப்பாள்.

கனெக்‌ஷன் போய்த் தோற்றால் வரும் அழுகைக்கு நான் சொல்லும் கதை 2020-இல் ஆன்லைனில் நடந்த செஸ்ஸபிள் மாஸ்டர்ஸ் அரையிறுதி. சீன கிராண்ட்மாஸ்டர் டிங் லிரனுக்கு இணைப்பு அறுந்து, டிரா ஆகவேண்டிய ஆட்டம் அப்போதைய உலகச் சாம்பியன் கார்ல்சனுக்கு வெற்றியாகிவிட்டது. அதற்கு ஈடாக அடுத்த ஆட்டத்தில் கார்ல்சன் தொடக்கத்திலேயே ராணியைத் தூக்கிக் கொடுத்து ரிசைன் செய்தார். மகள் கேட்டது, "அதுக்காக ராணியையே குடுக்கணுமா?" வேண்டாம், விதியும் அப்படிச் சொல்லவில்லை என்றேன். ரொம்ப நேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஆன்லைன் சொல்லித்தராத ஒன்றும் உண்டு. லிச்செஸில் கிட் மோட் போட்டால் அரட்டை, செய்தி எல்லாம் மறைந்துவிடும். பாதுகாப்புக்கு நல்லது, கட்டாயம் போடுங்கள். ஆனால் திட்டு வராத மாதிரியே "குட் கேம்" என்ற ஒரு வார்த்தையும் வராது. நேரில் ஆடிய முதல் போட்டியில் ஜெயித்ததும் இவள் பாட்டுக்கு எழுந்து நடந்துவிட்டாள், எதிரே இருந்த பையன் நீட்டிய கை அப்படியே நின்றது. நடுவர்தான் கூப்பிட்டுக் கை குலுக்க வைத்தார். திமிர் இல்லை, அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குப் பழக்கத்தில் இல்லை. மாதம் ஒருமுறையாவது எதிரே ஆள் உட்கார்ந்திருக்கும் பலகையில் ஆடவிடுங்கள்.

மோசமானது பிள்ளைகள் இல்லை, பெற்றோர். ஒரு ஜூம் போட்டியில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன் ஒரு குழந்தையின் கண் கேமராவுக்கு மேலே போய்ப் போய் வந்தது, பின்சுவரில் யாரோ நிற்கும் நிழல். அதை ஒருவர் கேட்கப் போய் வாட்ஸப் குழுவில் ராத்திரி வரை சண்டை, நடத்தியவர்கள் வாயே திறக்கவில்லை. இதையெல்லாம் பிள்ளைகளும் படிக்கிறார்கள் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

இப்போது எந்தப் போட்டியில் பெயர் கொடுக்கும் முன்னும் இரண்டு கேள்வி கேட்கிறேன். ரவுண்டுக்கு ரவுண்டு எவ்வளவு இடைவெளி? புகார் வந்தால் முடிவு சொல்வது யார்? இரண்டாவதற்கு "குரூப்ல போடுங்க, பாத்துக்கலாம்" என்று பதில் வந்தால் பெயர் கொடுப்பதில்லை.