டீலர் பேட்ஜை அவர்களையே எடுக்கச் சொல்லாதீர்கள்

ஷோரூம்காரர்கள் தங்கள் பெயரைப் போட்டு வண்டியில் ஒட்டிவிடும் டீலர் பேட்ஜைப் பற்றி, புது கார் எடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்து ஒன்றிரண்டு மாதம் ஆனவர்களும் படித்துவிட்டு, ஒரு தடவை பகல் வெளிச்சத்தில் டிக்கி கதவைச் சாய்வாகப் பாருங்கள்.

நாங்கள் திண்டுக்கல். அப்பா ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்கு ஒரு கார் வேண்டும் என்று நாலு வருஷம் சேர்த்து, போன ஆவணியில் மதுரையில் ஒரு ஷோரூமில் எடுத்தோம். ஆன்ரோடு 9 லட்சத்து 40 ஆயிரம். அம்மா ஆசைப்பட்ட கருநீல நிறம். புக்கிங் அன்றே விற்பனைப் பையனிடம் சொன்னேன்: "வண்டியில் உங்கள் ஷோரூம் பெயர் எதுவும் ஒட்ட வேண்டாம் தம்பி." அவனும் "சரி மேடம், சொல்லிடுறேன்" என்றான். வாயால் சொன்னதோடு விட்டேன். எழுதி வாங்கவில்லை.

டெலிவரி சாயங்காலம் ஆறரைக்கு. சிவப்புத் துணி மூடியிருந்த வண்டி, கேக், கையில் பெரிய அட்டைச் சாவி, போட்டோ. ஒரு கட்டுத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் ஒன்று, வண்டியை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்பது. அப்போது வண்டியின் பின்பக்கம் சுவரை ஒட்டி நின்றது. எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏற்றி, தேங்காய் உடைத்து, ராத்திரி வீடு வந்து சேர்ந்தோம்.

காலையில் சந்தனம் வைக்க ஈரத்துணியோடு போன அப்பாதான் முதலில் பார்த்தார். டிக்கி கதவில், கம்பெனி எழுத்துக்குக் கீழே, விரல் நீளத்துக்கு ஷோரூம் பெயர் போட்ட வெள்ளி நிற பேட்ஜ். கொஞ்சம் கோணலாக வேறு. பின் கண்ணாடியின் உள்பக்கம், பெயரும் போன் நம்பரும் போட்ட ஒரு முழ நீள ஸ்டிக்கர். முன்னும் பின்னும் நம்பர் பிளேட்டைச் சுற்றி அதே பெயர் அச்சடித்த பிளாஸ்டிக் ஃபிரேம். அப்பா தன் போனில் நாலு பக்கமும் படம் எடுத்து வைத்தார். அந்தப் படங்கள் பிறகு எவ்வளவு உதவின என்பதைக் கீழே சொல்கிறேன்.

போன் செய்தேன். "எல்லா வண்டிக்கும் போடுறதுதான் மேடம், கம்பெனி ரூல்" என்றார்கள். பிறகு கார் தயாரிக்கும் கம்பெனிக்கே எழுதிக் கேட்டேன். அப்படி ஒரு விதியே இல்லை என்று பதில் வந்தது. என் பணத்தில் வாங்கிய வண்டியில், என்னைக் கேட்காமல், பத்து வருஷத்துக்கு இலவச விளம்பரம். எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை. "முதல் சர்வீஸ் வரும்போது எடுத்துத் தர்றோம்" என்றார்கள். நானும் நம்பினேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

ஆயிரம் கிலோமீட்டர் சர்வீஸுக்கு விட்டபோது ஜாப் கார்டில் "டீலர் பேட்ஜ், பின் கண்ணாடி ஸ்டிக்கர் அகற்ற வேண்டும்" என்று எழுத வைத்தேன். மூன்று மணி நேரம் கழித்து வண்டி பளபளவென்று வந்தது. பேட்ஜ் இல்லை, ஸ்டிக்கர் இல்லை. பில்லில் "ஸ்டிக்கர் ரிமூவல், பாலிஷ்" என்று 850 ரூபாய். அவர்கள் ஒட்டியதை அவர்களே எடுக்க நான் ஏன் பணம் தர வேண்டும் என்று கேட்டேன். "பாலிஷுக்கு மட்டும்தான் மேடம்" என்றார் சர்வீஸ் அட்வைசர். நேரமாகிவிட்டது, கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் இரண்டு தடவை ஷாம்பு போட்டுக் கழுவினோம். இரண்டாவது தடவை, வெயிலில் ஈரம் துடைக்கும்போது தெரிந்தது. பேட்ஜ் இருந்த இடத்தைச் சுற்றிப் பிறை பிறையாகக் கீறல்கள். ஏழு எண்ணினேன். நகத்தை மெதுவாகக் குறுக்கே ஓட்டினேன். இரண்டு கீறலில் நகம் தட்டி நின்றது. பிளேடு வைத்துச் சுரண்டியிருக்கிறார்கள். கீறலை மறைக்க, பள்ளத்தை நிரப்பும் வகை பாலிஷைப் பூசிப் பளபளக்க வைத்திருக்கிறார்கள். அது கழுவக் கழுவக் கரைந்து போகிற பூச்சு. அந்தப் பூச்சுக்குத்தான் என்னிடமே 850 ரூபாய்.

கார் பெயின்டின் மேலே இருக்கும் நிறமில்லாத கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான் தடிமன்தான், ஒரு தலைமுடியை விட மெல்லியது. அந்தப் படலத்துக்குள் நிற்கும் கீறலை மெஷின் பாலிஷில் தேய்த்துச் சரிசெய்யலாம். நகம் தட்டுகிற ஆழம் என்றால் பெரும்பாலும் பாலிஷில் போகாது.

இதுகூடப் பரவாயில்லை என்று சொல்ல வைத்தது ஐப்பசியில் போன கொடைக்கானல் பயணம். பெருமாள்மலை தாண்டியதும் மழை, அப்புறம் மேகம் இறங்கிவிட்டது. பின் கண்ணாடி வெள்ளையாக மூடிக்கொண்டது. பின் கண்ணாடியைச் சூடாக்கிப் பனியை விலக்கும் டிஃபாகரைப் போட்டேன். மேலே இருந்த கோடுகள் ஒவ்வொன்றாகச் சூடாகி, பனி விலகி, கண்ணாடி வரிவரியாகத் தெளிந்தது. ஸ்டிக்கர் இருந்த உயரத்தில் மட்டும் ஒரு பட்டை அப்படியே வெள்ளையாக நின்றது. பின்னால் வந்த பஸ்ஸின் ஹெட்லைட் அந்தப் பட்டைக்குள் கலங்கலான மஞ்சளாக மட்டுமே தெரிந்தது. வளைவில் பின்னால் என்ன வருகிறது என்று தெரியாமல் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் புரியும். பின் சீட்டில் அம்மாவும் என் பிள்ளைகளும் இருந்தார்கள்.

ஊர் திரும்பி டார்ச் அடித்துப் பார்த்தேன். பழுப்புக் கோடுகளில் மூன்று அறுந்திருந்தன. டிஃபாகர் கோடுகள் கண்ணாடியின் உள்பக்கம் அச்சிட்டுச் சுட்ட மெல்லிய உலோகப் பூச்சு. ஒரு கோடு எங்கே அறுந்தாலும் அதில் மின்சாரம் ஓடாது, அந்த வரி முழுக்கச் சூடாகாது. அதன் மேலேயே ஸ்டிக்கரை ஒட்டி, அதை பிளேடால் குறுக்கே சுரண்டியிருக்கிறார்கள்.

மறுபடி மதுரை. முதல் கேள்வி: "வெளியில எங்கயாவது வாட்டர் வாஷ் விட்டீங்களா மேடம்?" இல்லை என்றேன். அடுத்து, "கையெழுத்துப் போட்டுத்தானே வண்டி எடுத்தீங்க?" அதற்கும் பதில் சொன்னேன். அப்புறம் டிங்கர், பெயின்ட் வேலை பார்க்கும் பாடிஷாப்பின் மேனேஜர் வந்து, தணிந்த குரலில், உதவி செய்கிற மாதிரி பேசினார். "ஒண்ணும் கவலைப்படாதீங்க. டிக்கி டோர், கண்ணாடி ரெண்டையும் இன்சூரன்ஸ்ல போட்டுடலாம். ஃபைல் சார்ஜ் மட்டும் கட்டினா போதும்." கிளெய்ம் படிவத்தில் சேதம் எப்படி ஏற்பட்டது என்ற இடம் காலியாக இருந்தது. "ரிவர்ஸ் எடுக்கும்போது சுவத்துல உரசிடுச்சுன்னு நாங்க எழுதிக்கிறோம், நீங்க கீழ கையெழுத்து மட்டும் போடுங்க."

இந்த இடத்தில் தயவுசெய்து நின்று யோசியுங்கள். நடக்காத விபத்தை நடந்ததாக எழுதிக் கையெழுத்துப் போடுவது பொய்க் கிளெய்ம். மாட்டினால் கேள்வி கையெழுத்துப் போட்டவரிடம்தான் வரும். மாட்டாவிட்டாலும் நஷ்டம் நமக்கே. முதல் வருஷம் கிளெய்ம் இல்லாமல் போனால், புதுப்பிக்கும்போது சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதம் கழிவு கிடைக்கும். தொடர்ந்து ஐந்து வருஷம் கிளெய்ம் இல்லையென்றால் அது 50 சதவீதம் வரை ஏறும். ஒரு கிளெய்ம் போட்டால் அது முதலிலிருந்து ஆரம்பம். இவர்கள் பிளேடால் செய்த சேதத்துக்கு என் பாலிசி செலவு செய்ய வேண்டும், அந்த வேலைக்கான பணமும் இவர்கள் பாடிஷாப்புக்கே போக வேண்டும். எத்தனை பேரிடம் இப்படிக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது. நான் போடவில்லை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து மின்னஞ்சல் எழுதினேன். டெலிவரிக்கு மறுநாள் காலை அப்பா எடுத்த படங்கள்: பேட்ஜ் இருக்கிறது, அதைச் சுற்றிக் கீறல் இல்லை, தேதியும் நேரமும் பதிவாகியிருக்கிறது. அகற்றச் சொல்லி எழுதிய ஜாப் கார்டு. 850 ரூபாய் பில். கீறல், அறுந்த கோடுகள் இரண்டுக்கும் கிட்டத்தில் எடுத்த படங்கள். எல்லாவற்றையும் ஷோரூமுக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பினேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் பதிவு செய்தேன். போனில் பேசுவதை அன்றோடு நிறுத்தினேன். அவர்கள் கூப்பிட்டபோதெல்லாம் "எழுதி அனுப்புங்க" என்று மட்டும் சொன்னேன்.

இருபத்து நாலாவது நாள் பின் கண்ணாடியை அவர்கள் செலவில் புதிதாக மாற்றித் தந்தார்கள், 850 ரூபாயும் திரும்பி வந்தது. டிக்கி கதவை முழுக்கப் பெயின்ட் அடித்துத் தருகிறோம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பாடிஷாப்பில் அடிக்கும் பெயின்ட் கம்பெனி பெயின்ட் மாதிரி நிற்குமா என்பது ஒரு பக்கம். பின்னால் விற்கும்போது பெயின்ட் தடிமன் அளக்கும் கருவியை வைத்தால் அந்தக் கதவு மட்டும் தனியாகக் காட்டும், இடித்த வண்டி என்பார்கள். வெளியே, கார் பாலிஷ் வேலை செய்யும் ஒரு டீடெய்லிங் கடையில் ஐந்து கீறலை எடுத்துவிட்டார்கள். நகம் தட்டிய இரண்டும் இருக்கின்றன. அதற்கான இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணம் 200 ரூபாய்தான், இரண்டு வருஷத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

இதில் என்னை மிகவும் வருத்துவது, அந்த பேட்ஜை வீட்டிலேயே இருபது நிமிஷத்தில் எடுத்திருக்கலாம் என்பதுதான். போன மாதம் சித்தப்பா மகன் கார் எடுத்தான், அவன் வண்டியிலும் இதே கதை. நானே எடுத்துக் கொடுத்தேன். நிழலில் நிறுத்தி அந்த இடத்தை நன்றாகக் கழுவினோம், தூசி இருந்தால் அதுவே கீறும். ஹேர் டிரையரை அரைச் சாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் இரண்டு நிமிஷம் ஆட்டி ஆட்டிக் காட்டினேன். கை வைத்தால் பொறுக்கிற சூடு போதும். உள்ளே இருப்பது பஞ்சு மாதிரியான இருபக்க டேப், சூட்டில் இளகும். பிறகு தூண்டிலுக்குப் போடும் நைலான் நரம்பை பேட்ஜுக்குப் பின்னால் நுழைத்து, இரண்டு கையிலும் சுற்றிப் பிடித்து, ரம்பம் இழுப்பதுபோல் மெதுவாக இழுத்தேன். பேட்ஜ் கையோடு வந்துவிட்டது. மிச்சப் பசையைக் கட்டைவிரலால் உருட்டி எடுத்து, ஒட்டியிருந்ததை நீலகிரித் தைலம் தொட்ட மெல்லிய துணியால் துடைத்து, உடனே ஷாம்பு போட்டுக் கழுவினோம். ஒரு கோடு விழவில்லை. சீக்கிரம் எடுப்பது நல்லது. வருஷக் கணக்கில் வெயில் பட்டால் பேட்ஜ் இருந்த இடம் மட்டும் நிறம் மாறித் தெரியும். கம்பெனியின் சொந்த எம்பளத்தை மட்டும் இப்படி இழுக்காதீர்கள், சில வண்டிகளில் அதற்குப் பின்னால் முள்ளும் கதவில் துளையும் இருக்கும்.

கண்ணாடி ஸ்டிக்கருக்கு வெளிப்பக்கமிருந்து சூடு காட்டி, உள்ளே சோப்புத் தண்ணீர் நனைத்து, டிஃபாகர் கோடு போகும் திசையிலேயே உரியுங்கள். உலோகம் எதுவும் வேண்டாம், பழைய பிளாஸ்டிக் அட்டைகூட கோட்டின் மேல் வேண்டாம்.

நம்பர் பிளேட் ஃபிரேமை வீட்டில் தொடவே கூடாது. 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்கு வரும் உயர் பாதுகாப்பு பிளேட்டை, கழற்றினால் உடைந்துபோகும் பூட்டு ஆணியால் பொருத்துகிறார்கள். ஃபிரேம் அதற்கு அடியில் மாட்டிக்கொள்ளும். அதனால் பிளேட் பொருத்துவதற்கு முன்பே ஃபிரேம் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். எங்கள் வண்டியில் அந்த ஃபிரேம் இன்றும் இருக்கிறது.

சித்தப்பா அடுத்த மாதம் அத்தைக்கு ஒரு வண்டி புக் செய்கிறார். முன்பணம் கட்டிய அன்றே ஷோரூமுக்கு அனுப்பச் சொல்லி நான் எழுதிக் கொடுத்திருப்பது இதுதான், வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

"என் வண்டியில் டீலர் பெயர் கொண்ட பேட்ஜ், ஸ்டிக்கர், நம்பர் பிளேட் ஃபிரேம் எதுவும் பொருத்தக் கூடாது. பொருத்தியிருந்தால் வண்டியைப் பெற்றுக்கொள்ள மாட்டேன். டெலிவரிக்கு முன் பகல் வெளிச்சத்தில் வண்டியைச் சுற்றிப் பார்த்த பிறகே கையெழுத்திடுவேன். இதை ஏற்றுக்கொண்டதாக பதில் அனுப்பவும்."