4 டெராபைட் ஹார்ட் டிஸ்க்: வாங்கிய கையோடு ஃபார்மேட்டை மாற்றுங்கள்

மேசையில் வைத்துப் பயன்படுத்தும் எக்ஸ்டர்னல் டிஸ்க் இது. கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் வாங்கி ஒன்பது மாதம் ஆகிறது. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் தருகிறேன். சத்தம் இல்லை, சூடாவதில்லை, அதற்குத்தான் அந்த இரண்டும்.

போன மாதம் ஒரு சாயங்காலம் பத்துமலைத் தைப்பூச வீடியோக்களை இதில் ஏற்றிக்கொண்டிருந்தேன். பிரிக்ஃபீல்ட்ஸில் நல்ல மழை. ஒரே இடிதான், வீட்டில் கரண்ட் டிரிப் ஆகிவிட்டது. சுவிட்சைத் தூக்கிவிட்டுக் கணினியைத் திறந்தால், டிஸ்க்கை ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும் என்கிறது. உள்ளே இருபது வருடப் படங்கள். அப்பா காவடி எடுத்து 272 படியும் ஏறிய கடைசி வருடமும் அதில்தான். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைத் தம்பி முதலில் கேட்டது, "அக்கா, ஃபார்மேட் கொடுத்துட்டீங்களா?"

"இல்லை தம்பி."

"அப்ப பயப்படாதீங்க."

டிஸ்க்கில் பழுதே இல்லை என்றார். அது எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டு வந்திருக்கிறது. விண்டோஸ், மேக் இரண்டிலும் எழுதலாம், ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது என்று பழைய ஃபேட்32 முறையில் உள்ள வரம்பும் கிடையாது. ஆனால் ஜர்னல் இல்லை. நம் ஊர் மளிகைக் கடையில் சாமானைக் கொடுக்கும் முன் 555 புத்தகத்தில் குறித்துக்கொள்வார்களே, அந்த வேலைதான் ஜர்னல். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறை அப்படிக் குறித்துவிட்டுத்தான், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையில் கை வைக்கும். பாதியில் கரண்ட் போனாலும் குறிப்பைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். எழுதிக்கொண்டிருந்த கோப்பு கெடலாம், மற்றவை பெரும்பாலும் தப்பிக்கும். எக்ஸ்ஃபேட்டில் அந்தப் புத்தகமே இல்லை. பழைய ஃபேட்32-இல் கூட அட்டவணைக்கு வழக்கமாக இரண்டு பிரதி உண்டு. இதில் பொதுவாக ஒன்றுதான்.

வீட்டுப் படங்களைப் பத்திரப்படுத்தத்தான் இதை வாங்குகிறோம். இந்த விஷயத்தைப் பெட்டியில் ஒரு வரி அச்சடித்திருக்கலாம் இல்லையா? எனக்குக் கோபம் அதில்தான்.

தம்பி இரண்டு நாள் எடுத்துக்கொண்டார், 180 வெள்ளி (ரிங்கிட்). ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளைத்தான் ஓட்டினேன் என்று நேர்மையாகச் சொன்னார். அட்டவணையைப் பார்க்காமல் டிஸ்க் முழுவதையும் துழாவி, படம் தொடங்கும் இடத்தின் அடையாளத்தை வைத்து அது மீட்கிறது. படங்கள் ஏறக்குறைய எல்லாம் வந்தன. துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்த பெரிய வீடியோக்கள் சில வரவில்லை. அப்பாவின் காவடி வந்துவிட்டது.

ஆனால் எந்தக் கோப்புக்கும் பெயர் இல்லை. எஃப் என்ற எழுத்தும் அதன் பின்னே நீளமாக ஓர் எண்ணும்தான். ஃபோல்டர்களும் போயின. கேமராவில் எடுத்தவற்றுக்குப் படத்துக்குள்ளேயே தேதி பதிந்திருப்பதால் பிரித்துவிட்டேன். ஸ்கேன் செய்த பழைய படங்களுக்கு அதுவும் இல்லை.

மேக் தேவையில்லாத வீடாக இருந்தால், டிஸ்க் காலியாக இருக்கும்போதே ரைட் கிளிக் செய்து என்டிஎஃப்எஸ்ஸுக்கு மாற்றிவிடுங்கள். அப்புறம், இன்னொரு டிஸ்க்கில் ஒரு பிரதி கட்டாயம். நானும் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு படத்துக்கும் பெயர் போட்டு வருகிறேன். நேற்று 46 முடிந்தது. ஒன்றில் அப்பாவுக்குப் பின்னால் நிற்பவர் யாரென்று அம்மாவுக்கும் நினைவில்லை. அப்பா இருந்தபோது அவரிடம் கேட்டு, கோப்பின் பெயரில்தான் எழுதி வைத்திருந்தேன்.