துள்ளும் கிரேன்: டயரா, ஆக்சிலா, பூமா?

கட்டுமானத் தளங்களுக்குள் ஓடும் பெரிய டயர் கிரேனான ரஃப் டெரைன் கிரேனைக் கரடுமுரடான தளத்தில் ஓட்டியவர்கள் அந்தத் துள்ளலை அறிவார்கள்: பள்ளத்தைக் கடந்த பிறகும் வண்டி நாலைந்து முறை தலையாட்டிக்கொண்டே போகும்; முன்பக்கம் கட்டிவைத்த கொக்கி தன் கம்பிக்கயிற்றை வெடுக் வெடுக்கென்று இழுக்கும். இத்தகைய கிரேன்களில் பெரும்பாலும் டயர் ஒன்றே ஸ்பிரிங். அது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளுமே தவிர, ஆட்டத்தை எளிதில் அடக்காது. வினாடிக்கு இரண்டு முறை ஆடும் வண்டி 3 மீட்டருக்கு ஒரு மேடு உள்ள பாதையில் போனால், மணிக்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டர் வேகத்தில் ஒவ்வொரு மேடும் அந்த ஆட்டத்தை ஏற்றிவிடும்.

டயரில் காற்றைக் குறைப்பதைத் தீர்வாகவே நான் கருதவில்லை. ஆட்டம் மெதுவாகுமே ஒழிய அடங்காது. டயர்மேல் நின்று தூக்குவதற்கான சுமை அட்டவணையும் குறிப்பிட்ட காற்றழுத்தத்தை நம்பியே வகுக்கப்பட்டது.

லீபெர் நிறுவனத்தின் எல்டிஎம் போன்ற ஆல் டெரைன் கிரேன்களில் (சாலையிலும் தளத்திலும் ஓடுபவை) ஆக்சில்களை, அதாவது சக்கர அச்சுகளை, ஹைட்ராலிக் சிலிண்டர்களும் நைட்ரஜன் அடைத்த அழுத்தக் கலன்களான அக்குமுலேட்டர்களும் தாங்குகின்றன. எண்ணெய் குறுகிய துளைவழியே நெருக்கிச் செல்லும்போது துள்ளலின் ஆற்றல் வெப்பமாகிவிடுகிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வரை நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு இதுவே பொருத்தம். ஆனால் விலையும் பராமரிப்பும் கூடுதல்.

தளத்துக்குள்ளேயே உழலும் கிரேனுக்கு, மண் அள்ளும் வீல் லோடர்களில் நெடுநாளாக உள்ள உத்தியே எனக்குச் சரியெனப் படுகிறது. பூமை, அதாவது கிரேனின் நீண்ட கையைத் தூக்கும் சிலிண்டரை ஓர் அக்குமுலேட்டருடன் இணைத்துவிட்டால், வண்டியின் சட்டத்தோடு இறுகியிருந்த பூமின் எடை தனியாக அசைந்து, முன்பின் ஆட்டத்தை எதிர்த்து அடக்கும். நேர் மேல்கீழ்த் துள்ளலில் பலன் குறைவு; பூம் தாங்கியில் படுத்திருந்தால் பலனே இல்லை. சிக்கல் வால்வில்தான் உள்ளது. சிலிண்டரைவிட அக்குமுலேட்டரில் அழுத்தம் குறைந்திருக்கும்போது இணைப்பைத் திறந்தால் பூம் சட்டென்று இறங்கும். ஆகவே முதலில் இரு அழுத்தங்களையும் சமப்படுத்த வேண்டும். குழாய் வெடித்தாலும் பூமை விழாமல் பிடிக்கும் வால்வை இந்த இணைப்பு செயலிழக்கச் செய்துவிடவும் கூடாது. கொக்கியில் சுமை ஏறும்போது பூம் மீண்டும் இறுகியே தீர வேண்டும் என்பதால், வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது, தூக்கும் வேலை தொடங்குமுன் அந்த இணைப்பு தானாகவே துண்டிக்கப்படுகிறதா, அல்லது ஆபரேட்டர் நினைவு வைத்து மூட வேண்டுமா என்பதைத்தான்.