கை நுழையாத சஸ்பென்ஷன் போல்ட்டு: இம்பாக்ட் ரெஞ்சா, க்ரோஃபுட்டா?

என் காரின் முன் சக்கரங்களை அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்ம்களின் புஷ்களை (மூட்டில் இருக்கும் ரப்பர் மெத்தைகளை) வீட்டு போர்டிகோவிலேயே மாற்றி முடித்தேன். கழற்றுவதற்கு என்ன வேண்டும் என்பதில் பெரிய குழப்பம் இல்லை. எல்லாவற்றையும் திரும்ப மாட்டிய பிறகு கடைசி முறுக்கை எதைக் கொண்டு கொடுப்பது என்பதில்தான் நிறைய யோசிக்க வேண்டியிருந்தது. குழாய் சொருகிய ரிங் ஸ்பேனர், தட்டித் தட்டி முறுக்கும் பேட்டரி இம்பாக்ட் ரெஞ்ச், டார்க் ரெஞ்சோடு (நாம் வைத்த அளவு முறுக்கு ஏறியதும் சொல்லும் ரெஞ்ச்) நீள எக்ஸ்டென்ஷனும் வளைந்து திரும்பும் யூனிவர்சல் ஜாயிண்ட்டும், டார்க் ரெஞ்சோடு க்ரோஃபுட் (பக்கவாட்டிலிருந்து நட்டைக் கவ்வும் ஸ்பேனர் வாய்) என்று நான்கு வழிகள் இருந்தன. நான் க்ரோஃபுட்டை எடுத்தேன். இனியும் அதைத்தான் எடுப்பேன்.

கருவிகளுக்குப் போவதற்கு முன் புஷ்ஷைப் பற்றிப் பேசியாக வேண்டும், ஏனென்றால் தீர்ப்பு அங்கேதான் இருக்கிறது. ரப்பர் புஷ்ஷின் நடுவில் ஒரு இரும்புக் குழல் இருக்கும். ரப்பர் அந்தக் குழலோடு ஒட்டியிருக்கும். போல்ட்டை முறுக்கும்போது குழல் பிராக்கெட்டுக்கு நடுவில் இறுகி அசையாமல் நின்றுவிடும். அதன் பிறகு ஆர்ம் மேலும் கீழும் ஆடுவது முழுக்க ரப்பர் முறுகுவதால்தான். ஆகவே, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது போல்ட்டை இறுக்கினால், கார் தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுகிய நிலையிலேயே இருக்கும். பள்ளத்தில் விழும்போது இன்னும் முறுகும். புது புஷ் சீக்கிரமே கிழிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதனால் போல்ட்டுகளை முதலில் கையால் ஓட்டி வைத்துவிட்டு, வண்டியின் எடை சக்கரங்களின் மேல் இருக்கும்போதுதான் கடைசி முறுக்கைக் கொடுக்க வேண்டும். பாலியூரித்தேன் புஷ் என்றால் இந்தக் கட்டாயம் பெரும்பாலும் இல்லை. அது குழலைச் சுற்றிச் சுழலக்கூடியது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வண்டி உயரத்தில் இருக்கும்போது தாராளமாக எட்டிய போல்ட்டு, சக்கரம் தரையைத் தொட்டதும் ஒளிந்துகொள்ளும். நம்மூர் சிறிய கார்களில் முன்பக்கம் பெரும்பாலும் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த மேக்பெர்சன் ஸ்ட்ரட் அமைப்புதான். லோயர் ஆர்ம் இரண்டு இடத்தில் சப்ஃபிரேமோடு (அடியில் உள்ள இரும்புச் சட்டத்தோடு) சேரும். என் வண்டியில் அதில் ஒரு போல்ட்டு படுக்கைவாக்கில், கியர்பாக்ஸ் உறையைப் பார்த்தபடி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் சாக்கெட் நுழையும். சாக்கெட்டின் பின்னால் ராட்செட்டின் தலை நுழையாது. எனவே எந்தக் கருவிக்கு எவ்வளவு பலம் என்பது எனக்கு இரண்டாம் பட்சம். வண்டி தன் எடையில் நிற்கும்போது அந்த இடுக்கில் நுழைந்து, இவ்வளவு முறுக்கு கொடுத்தேன் என்று எது சொல்லும் என்பதுதான் கேள்வி.

ரிங் ஸ்பேனர் எங்கும் நுழையும், விலையும் குறைவு. ஆனால் கணக்கு சொல்லாது. பட்டறைகளில் கைப்பழக்கத்தில் முறுக்குகிறார்கள். ஒரே போல்ட்டை ஆயிரம் முறை முறுக்கிய கைக்கு அது சரிதான், எப்போதாவது முறுக்கும் நமக்கு அந்தக் கை கிடையாது. வேறு எதுவுமே இல்லாத நிலையில் ஒரு வழி உண்டு. பயணப் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை ஸ்பேனர் முனையில் மாட்டி, செங்கோணத்தில் இழுக்க வேண்டும். நட்டின் மையத்திலிருந்து 30 செ.மீ. தூரத்தில் 34 கிலோ இழுத்தால் ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையை அளக்கும் அலகு). 60 செ.மீ. என்றால் 17 கிலோ போதும். காருக்கு அடியில் படுத்துக்கொண்டு தராசின் எண்ணையும் பார்ப்பது கடினம்தான், ஆனால் கணக்கு பொய் சொல்லாது.

இம்பாக்ட் ரெஞ்சின் அருமை கழற்றும்போது தெரியும். துருவேறிய நட்டு அதன் அடியில் சில விநாடிகளில் விட்டுக்கொடுக்கும். இறுக்கும்போது இரண்டு குறைகள். ஒன்று, போல்ட்டுக்கு நேர்கோட்டில் இடம் வேண்டும். மெஷினின் உடலும் சாக்கெட்டும் சேர்ந்தால் குட்டையான மாடலுக்கே ஒரு சாண் அளவு போய்விடும். இரண்டு, எவ்வளவு முறுக்கு ஏறியது என்பது பேட்டரி சார்ஜ், எக்ஸ்டென்ஷனின் நீளம், விசையை எத்தனை நேரம் அழுத்தினோம் என்பதைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். கூடிப்போனால் போல்ட்டு நீண்டுவிடும் அல்லது மரை போய்விடும். மரையில் எண்ணெய் பட்டிருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். முறுக்கு விசையில் பெரும்பகுதி உராய்வுக்கே செலவாகிறது. உராய்வு குறைந்தால் மிச்சமெல்லாம் போல்ட்டை இழுப்பதற்குப் போகும். கழற்ற மட்டும் இம்பாக்ட் என்பது என் முடிவு. அதன் பேட்டரி எத்தனை வருடம் உழைக்கும் என்று சொல்லும் அளவுக்கு நான் அதைப் பயன்படுத்தியதில்லை.

எக்ஸ்டென்ஷன், யூனிவர்சல் ஜாயிண்ட் கூட்டணி பல இடங்களில் நன்றாகவே வேலை செய்யும். நேரான எக்ஸ்டென்ஷன் எவ்வளவு நீளமானாலும் டார்க் ரெஞ்சின் கணக்கு மாறாது. வளைவு சேரும்போதுதான் தொல்லை. ஜாயிண்ட் லேசாகச் சாய்ந்திருந்தால் பரவாயில்லை. 15 டிகிரியைத் தாண்டினால் நட்டுக்குப் போகும் முறுக்கு சீராக இருக்காது, சாக்கெட்டும் பக்கவாட்டில் நழுவப் பார்க்கும். என் கியர்பாக்ஸ் பக்கத்துப் போல்ட்டுக்கு அதைவிட அதிகம் சாய வேண்டியிருந்தது.

இனி க்ரோஃபுட். ஸ்பேனரின் வாயை மட்டும் வெட்டியெடுத்து, அதன் பின்புறத்தில் டார்க் ரெஞ்ச் சொருகச் சதுர ஓட்டை போட்டது மாதிரி இருக்கும். நட்டின் மேல் சாக்கெட் ஏறுவதற்குப் பதிலாக இது பக்கவாட்டிலிருந்து வந்து கவ்வும். போல்ட்டுக்கு நேரே இரண்டு செ.மீ. இடம் இருந்தால் போதும். சதுர ஓட்டையில் ஒரு எக்ஸ்டென்ஷனைப் போட்டால், டார்க் ரெஞ்சின் கைப்பிடியைச் சக்கரத்துக்கு அப்பால், கை ஆடுகிற இடத்துக்குக் கொண்டுவரலாம். இந்த ஒரு வசதிக்காகவே மற்ற குறைகளை நான் பொறுத்துக்கொள்கிறேன்.

கணக்கில் மட்டும் கவனம் வேண்டும். க்ரோஃபுட்டைக் கைப்பிடிக்கு நேர்க்கோட்டில் முன்னால் நீட்டி மாட்டினால் நெம்புகோல் நீளும், நட்டுக்குக் கூடுதல் முறுக்கு போகும். உங்கள் ரெஞ்சின் சதுரத்திலிருந்து கைபிடிக்கும் இடம் வரை 450 மி.மீ., க்ரோஃபுட்டின் சதுரத்திலிருந்து நட்டின் மையம் வரை 40 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சர்வீஸ் புத்தகம் 100 நியூட்டன் மீட்டர் என்றால், 100-ஐ 450-ஆல் பெருக்கி 490-ஆல் வகுக்க வேண்டும்: ரெஞ்சில் 92 வைக்க வேண்டும். அப்படியே 100 வைத்தால் 9 சதவீதம் கூடிவிடும். கைப்பிடியின் பக்கமாகத் திருப்பி மாட்டினால் கதை தலைகீழ். 110 வைக்க வேண்டும். க்ரோஃபுட்டைக் கைப்பிடிக்குச் செங்கோணத்தில், அதாவது 90 டிகிரியில் மாட்டினால் எந்தத் திருத்தமும் வேண்டாம். முடிந்த இடத்திலெல்லாம் நான் 90 டிகிரியில்தான் மாட்டுகிறேன். இடது கையால் க்ரோஃபுட்டை நட்டோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, வலது கையால் மெதுவாக இழுத்தால் 'க்ளிக்' என்று கையில் தட்டும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. திறந்த வாய் க்ரோஃபுட் நட்டின் இரண்டு பக்கத்தை மட்டுமே பிடிப்பதால், நட்டின் முனை ஏற்கெனவே மழுங்கியிருந்தால் வழுக்கும். கழற்றுவதற்கு இதைத் தொடவே கூடாது. ரிங் போல முழுதாகச் சுற்றிக் கவ்வும் வகையை வாங்கினால் இந்தப் பயம் வெகுவாகக் குறையும். டார்க் ரெஞ்சையும் வேலை முடிந்ததும் குறைந்த அளவுக்குத் திருப்பி வைக்க வேண்டும். டார்க் ரெஞ்சுகளுக்கான ஐஎஸ்ஓ 6789 தரத்தின்படி 12 மாதத்துக்கு அல்லது 5000 முறுக்குக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

சரி, வண்டியின் எடையைச் சக்கரத்தில் வைத்துக்கொண்டே அடியில் கை விடுவது எப்படி? ரேம்ப் இருந்தால் நான்கு சக்கரமும் சமமான உயரத்தில் நிற்கும்படி ஏற்றிவிடலாம். இல்லையென்றால், வேலை தொடங்கும் முன் வண்டி சமதளத்தில் நிற்கும்போது சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்கள். பிறகு பாடியை ஜாக்கி ஸ்டாண்டுகளில் நிறுத்தி, லோயர் ஆர்மின் வெளி முனைக்கு அடியில் இன்னொரு ஜாக்கி கொடுத்து அதே அளவு வரும் வரை உயர்த்துங்கள். ஸ்டாண்டிலிருந்து பாடி கிளம்பத் தொடங்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள்.

ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா போன்ற வண்டிகளில் பல போல்ட்டுகளுக்கு இவ்வளவு முறுக்கு, அதற்கு மேல் இத்தனை டிகிரி என்று சொல்லியிருப்பார்கள்; பழைய போல்ட்டைத் திரும்பப் போடவும் கூடாது. அந்த வகையில் நான் வேலை பார்த்ததில்லை, ஆகவே மேலே சொன்னதை அங்கே அப்படியே நீட்ட மாட்டேன். மாருதி, ஹூண்டாய் வைத்திருப்பவர்கள் முழு செட் வாங்க வேண்டியதில்லை. சஸ்பென்ஷனுக்குப் பெரும்பாலும் 14, 17, 19 மி.மீ. அளவுகள்தான் வரும். உங்கள் வண்டியின் நட்டை ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு, அரை இஞ்ச் சதுரம் உள்ளதாக அந்த அளவுகளை மட்டும் தனித்தனியாக வாங்கினால் போதும்.