டர்பனில் நர்சிங் சேர்க்கிறீர்களா? நாங்கள் 17,600 ராண்ட் ஏமாந்ததைக் கேட்டுவிட்டுப் போங்கள்

மகளை நர்சிங்கில் சேர்த்ததாக நினைத்து 2023-இல் 17,600 ராண்ட் இழந்தோம். அந்தக் கல்லூரியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. போலீசில் புகார் நிலுவையில் இருக்கிறது. அதோடு, போர்டை மாற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறவர்களின் பெயரைச் சொல்லி என்ன பயன்? எப்படி ஏமாந்தோம் என்று சொன்னால் யாராவது ஒருவருக்கு உதவும்.

நான் கல்யாணமாகித் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிக்கு வந்தவள். கணவர் குடும்பம் இங்கே ஐந்து தலைமுறை. எங்கள் சொந்தத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு நர்ஸ் இருப்பார். ஊரின் பெரிய சாலைக்கே ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் டிரைவ் என்றுதான் பெயர். மகளும் சின்ன வயதிலிருந்தே நர்ஸ் ஆக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள்தான்.

ஜனவரியில் மெட்ரிக் ரிசல்ட் வந்தது, இங்கே அது பன்னிரண்டாம் வகுப்பு. டிப்ளமா பாஸ், அதாவது டிப்ளமா படிப்பில் சேரும் அளவுக்கான தேர்ச்சி. அப்புறம்தான் தெரிந்தது, பல்கலைக்கழகத்துக்கு சி.ஏ.ஓ. என்ற பொது விண்ணப்ப அலுவலகம் வழியாக முந்தைய வருடம் செப்டம்பருக்குள்ளேயே விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும், அரசு நர்சிங் கல்லூரிக்கும் முந்தைய வருடமே போட்டிருக்க வேண்டும் என்று. இதில் எங்கள் தப்பும் உண்டு. நம்ம ஊரில் ரிசல்ட் வந்த பிறகுதானே அப்ளிகேஷன் வாங்க ஓடுவோம், அந்தப் பழக்கத்தில் இருந்துவிட்டேன். கணவருக்குக் கடை வேலையில் இதெல்லாம் ஞாபகமே இல்லை.

அந்த நேரத்தில்தான் கொழுந்தனார் ஒரு போஸ்டரை போனில் படம் பிடித்து அனுப்பினார். டாக்சி ஸ்டாண்டு பக்கம் கம்பத்தில் ஒட்டியிருந்ததாம். ‘நர்சிங், ஒரே வருடம், மெட்ரிக் போதும், சில இடங்களே மீதம்.’ மறுநாளே போனோம். நகரத்துக்குள், பழைய கிரே ஸ்ட்ரீட் பக்கம், துணிக்கடைக்கு மேலே மூன்றாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை, லோட்ஷெட்டிங், அதாவது மின்வெட்டு என்றார்கள். அந்த வருடம் எதற்கும் அந்த ஒரு பதில் போதும்.

வரவேற்பில் இருந்த பெண்ணின் மேஜையில் சின்ன முருகன் படம். “நானும் தமிழ்தான் ஆன்ட்டி, வருஷா வருஷம் காவடி எடுப்போம். பிள்ளையை என் தங்கச்சி மாதிரி பார்த்துக்கிறேன்” என்றாள். அதற்கு மேல் எனக்கு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. சுவரில் மூன்று சான்றிதழ்கள் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தன. ஒன்று கம்பெனிப் பதிவு, அதை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். இரண்டாவது முதலுதவி வகுப்பு நடத்தும் அனுமதி. மூன்றாவது, வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் கேர்கிவர் பயிற்சிக்கானது. மூன்றும் நிஜமாகவே கூட இருக்கலாம். ஆனால் மூன்றில் ஒன்றுகூட நர்ஸ் உருவாக்கும் அனுமதி இல்லை. நான் முத்திரையைப் பார்த்தேன், வாசகத்தைப் படிக்கவில்லை.

“ரிஜிஸ்ட்ரேஷன் 1,500 ராண்ட்தான், இன்றைக்குக் கட்டினால் இடம் உறுதி. மாசம் 1,850. நெஸ்ஃபாஸ் வந்ததும் அதையும் திருப்பிக் கொடுத்துவிடுவோம்” என்றாள். அரசின் நெஸ்ஃபாஸ் உதவித்தொகை அரசுப் பல்கலைக்கழகங்களிலும் அரசு டி-வெட் (தொழிற்கல்வி) கல்லூரிகளிலும் படிப்பவர்களுக்கு மட்டும்தான், தனியார் கல்லூரிக்குக் கிடையவே கிடையாது. இந்த ஒரு வாக்கியத்திலேயே எழுந்து வந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. டெபாசிட் 4,000. யூனிஃபார்ம் 1,900, அதையும் அவர்களிடமேதான் வாங்க வேண்டும். ‘புத்தகம்’ 1,600, கொடுத்தது ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ். ‘கவுன்சில் பதிவுக் கட்டணம்’ 1,200. பிப்ரவரியிலிருந்து மே வரை நான்கு மாதக் கட்டணம் 7,400. முதல் நாளே மொத்தமாகச் சொல்லியிருந்தால் கணவர் ரெண்டு பேரிடம் விசாரித்திருப்பார். துண்டு துண்டாகக் கேட்டதால் ஒவ்வொரு தடவையும் ‘இவ்வளவு கட்டியாச்சு, இதுக்குப் போய் யோசிப்பதா’ என்றே தோன்றியது. வகுப்பு வாரத்தில் மூன்று நாள், அதிலும் பாதி நாள் டீச்சர் வரமாட்டார். மகள் சொன்னாள்தான். ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும் என்று நானே அவள் வாயை அடைத்துவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

ஜூனில் ‘ப்ளேஸ்மென்ட்’ என்று 3,500 கேட்டார்கள். எங்கே என்றால் ஒரு முதியோர் இல்லம். பணமும் கட்டிவிட்டு, போய் படுக்கை விரிப்பும் மாற்ற வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கணவரின் அக்கா வீட்டுக்கு வந்திருந்தார். முப்பது வருடமாக அரசு மருத்துவமனையில் நர்ஸ். சாப்பிட்டுக்கொண்டே மகளிடம், “உன் சேன்க் நம்பர் என்னம்மா?” என்று கேட்டார்.

“அது என்ன அத்தை?”

அண்ணி சாப்பாட்டில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

சேன்க் என்பது பிரிட்டோரியாவில் இருக்கும் தென்னாப்பிரிக்க நர்சிங் கவுன்சில். 2005-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் நர்சிங் சட்டப்படி, நர்சிங் படிக்கும் ஒவ்வொரு மாணவியின் பெயரையும் கல்லூரி அங்கே பதிவு செய்தாக வேண்டும். அந்தப் பதிவு இல்லாமல் எத்தனை வருடம் படித்தாலும் அது கணக்கில் வராது. அண்ணி சேர்க்கைக் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். அதில் ‘என்ரோல்டு நர்சிங் ஆக்ஸிலியரி’, அதாவது உதவி நர்ஸ் படிப்பு என்று போட்டிருந்தது. “இது பழைய படிப்பு. 2020-லிருந்து இதில் புதிதாக யாரையும் சேர்க்கவே முடியாதே” என்றார். இப்போது ஒரு வருடப் படிப்பு என்றால் ஹையர் சர்டிஃபிகேட், நாட்டின் கல்வித் தகுதித் தரவரிசையில் ஐந்தாம் நிலை. மூன்று வருட டிப்ளமா ஆறாம் நிலை, நான்கு வருடப் பட்டம் எட்டாம் நிலை. இதையெல்லாம் மேஜையிலேயே மனப்பாடமாகச் சொல்கிறார். ஜனவரியில் இவரிடம் ஒரு போன் போட்டுக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. கொஞ்சம் வீம்பும்தான், நாமே பார்த்துச் சேர்த்துவிட்டோம் என்று காட்ட வேண்டுமாம்.

திங்கட்கிழமை கவுன்சிலின் இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் பட்டியலைப் பார்த்தோம். இல்லை. உயர்கல்வித் துறையின் தனியார் கல்லூரிப் பதிவேட்டிலும் இல்லை. முறையாகப் பதிவான தனியார் கல்லூரி தன் கடிதத் தாளிலேயே பதிவு எண்ணைப் போட்டிருக்கும். எங்கள் கடிதத்தில் இருந்தது கம்பெனி எண். நேரில் போய்க் கேட்டால் இயக்குநர் என்பவர், “அங்கீகாரம் நடைமுறையில் இருக்கிறது, வந்துகொண்டிருக்கிறது” என்றார். அங்கீகாரம் கைக்கு வருவதற்கு முன்னால் மாணவரைச் சேர்ப்பதே தப்பு என்று அண்ணி சொன்னதும், ஒப்பந்தத்தில் ‘கட்டணம் திரும்பத் தரப்படாது’ என்ற வரியைக் காட்டினார். முருகன் படம் வைத்திருந்த பெண் அன்றைக்குத் தலையே நிமிரவில்லை.

சின்ன வழக்கு நீதிமன்றம், அதாவது ஸ்மால் க்ளெய்ம்ஸ் கோர்ட், 20,000 ராண்ட் வரை எடுத்துக்கொள்ளும். வக்கீல் தேவையில்லை, வக்கீல் வரவும் கூடாது. முதலில் 14 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு கோர்ட் கிளார்க்கே காகிதம் நிரப்ப உதவுவார். எங்களிடம் வங்கிப் பரிமாற்றத்தின் ரசீதுகள் எல்லாம் இருந்தன, யூனிஃபார்முக்குக் கொடுத்த ரொக்கம் தவிர. தீர்ப்பு எங்கள் பக்கம்தான் வந்தது. ஆனால் பணம் தர வேண்டிய கம்பெனி அதற்குள் காலி. இதுவரை கைக்கு வந்தது 3,000.

மகள் அந்த வருடம் செப்டம்பருக்கு முன்பே சி.ஏ.ஓ.வில் போட்டாள். இப்போது அரசுப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், நர்சிங் இல்லை, வேறு படிப்பு. நர்சிங் பேச்செடுத்தால் இன்னும் எழுந்து போய்விடுகிறாள்.

அவளோடு அந்த வகுப்பில் இருபதுக்கு மேல் பிள்ளைகள் இருந்தார்கள். பீனிக்ஸ், வெருலம், உம்லாசி என்று எங்கெங்கிருந்தோ டாக்சி பிடித்து வந்தவர்கள். துணிக்கடைக்கு மேல் மூன்றாவது மாடி என்றதும் உங்களுக்குப் புரிந்திருந்தால், ரசீதுகளையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழித்துவிடாதீர்கள். போலீஸ் ஸ்டேஷனில் மோசடிப் புகார் கொடுத்து வழக்கு எண் வாங்குங்கள். நாங்கள் மட்டும் போனபோது ‘ஒரு குடும்பத்தின் கட்டணத் தகராறு’ என்றுதான் எழுதிக்கொண்டார்கள்.