நாகமரையில் ஒன்பது ஆண்டுகளாக ஒரு ஜான்சன் இன்ஜின்

மேட்டூர் அணை நீர்த்தேக்கக் கரையில், நாகமரையில் மீன் பிடிக்கும் எங்கள் படகில் ஓடுவது ஜான்சன் 25 குதிரைத்திறன் இன்ஜின். அந்தப் பெயரில் இன்று புதிய இன்ஜின் வருவதில்லை. கேரளக் கரையில் பழையதாக ஒன்று விலைக்கு வந்திருக்கிறது என்று சொன்னதும் பெரியப்பா கேட்டார்: "கம்பெனியே இல்லாத பொருள். நாளைக்குக் கெட்டுப்போனால் யார் வாசலில் போய் நிற்பாய்?" முன்பணம் கொடுக்கும் முன் இரண்டு வாரம் அதற்குத்தான் பதில் தேடினேன்.

அமெரிக்காவின் மில்வாக்கியில் ஓலே எவின்ரூட் 1909-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த படகு இன்ஜினின் திறன் வெறும் 1.5 குதிரை. பிற்பாடு அவர் பெயர் தாங்கிய எவின்ரூடும் ஜான்சனும் 1936-ல் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன. அவுட்போர்டு மெரைன் கார்ப்பரேஷன் என்று பெயர் பெற்ற அந்நிறுவனம் 2000 டிசம்பரில் திவாலானது. இன்ஜின் தொழிலை அடுத்த ஆண்டு கனடாவின் பொம்பார்டியர் நிறுவனம் வாங்கியது. ஜான்சன் முதலில் மறைந்தது. எவின்ரூடை 2020 மே மாதம் நிறுத்தினார்கள். 1990-களின் பிற்பகுதியில் இவர்களிடமிருந்து வந்த ஃபிக்ட் ரக இன்ஜின்கள் எரிபொருள் செலுத்தும் முறையில் எழுந்த கோளாறுகளால் கெட்ட பெயர் வாங்கியவை. ஆகவே ஜான்சன் நல்லதா என்று கேட்டால் போதாது, எந்த ஆண்டு ஜான்சன் என்று கேட்க வேண்டும்.

அதை இன்ஜினே சொல்லிவிடும். படகின் பின்பலகையைக் கவ்வும் பிடியில் ஒரு தகடு இருக்கும். 1980-க்குப் பிந்தையவற்றில் மாடல் எழுத்துகளுக்குள் ஆண்டு ஒளிந்திருக்கிறது. 'இன்ட்ரடியூசஸ்' (INTRODUCES) என்ற ஆங்கிலச் சொல்லின் பத்து எழுத்துகளும் வரிசையாக 1 முதல் 9 வரை, கடைசி எழுத்து 0. உப்புப் படிந்த தகட்டைத் தேங்காய் நாரால் தேய்த்தேன். சி, இ என்ற இரண்டு எழுத்துகள் தெரிந்தன. எட்டாவதும் ஒன்பதாவதும்: 1989. ஃபிக்டுக்கு முந்தைய, கார்புரேட்டர் வைத்த எளிய இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின். அன்றே பணம் கொடுத்துவிட்டேன்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். அக்காலத்து எவின்ரூடும் ஜான்சனும் ஒட்டிய பெயர்தான் வேறு, உள்ளே ஒரே பொருள். எவின்ரூடுக்கென்று விற்கும் உதிரி பாகம் இதற்குப் பொருந்துகிறது. பெரியப்பாவுக்கு நான் சொன்ன பதில் அதுதான்.

ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி எண்ணெய். இந்தக் கணக்கை ஒருநாளும் மாற்றியதில்லை. கரை சேர்ந்ததும் பெட்ரோல் குழாயைக் கழற்றி, தானாக அணையும்வரை ஓடவிடுவேன். கார்புரேட்டரில் பிசின் கட்டாது. எங்களுக்கு உண்மையான செலவு வண்டல்தான். மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கி, எதிர்க்கரைப் பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கும் கோயில் நந்தி தலைகாட்டும் கோடையில், இன்ஜினைக் குளிர்விக்கும் நீர் பம்பின் ரப்பர் சக்கரம் விரைவில் தேய்ந்துவிடும். ஒருமுறை மலிவாகக் கிடைத்த போலிச் சக்கரத்தைப் போட்டேன். ஒரு மாதத்தில் இதழ்கள் பிய்ந்தன. பின்பக்கம் பீய்ச்சும் நீர்த்தாரை மெலிந்ததைக் கண்டு உடனே நிறுத்தியதால் இன்ஜின் பிழைத்தது.

இன்றும் இரண்டாம் இழுப்பில் எழுந்துவிடுகிறது. வலையும் கட்லா, ஜிலேபிக் கெண்டைக் கூடைகளும் ஏற்றிய படகை எதிர்க்காற்றிலும் திணறாமல் தள்ளுகிறது. போன மாதம் ஒட்டனூரிலிருந்து ஒருவர் இதே பெயரில் ஓர் இன்ஜின் பார்த்துவிட்டு யோசனை கேட்க வந்தார். தகட்டைப் படம் எடுத்து வரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.