அகலத் திரையில் படத்தின் வடிவம்: ரிசீவர் மாற்றுவதா, டிவி மாற்றுவதா?

அகலத் திரைத் தொலைக்காட்சியில் பந்து முட்டை வடிவில் உருள்வதைப் பார்த்ததும், பெரும்பாலானோர் டிவி ரிமோட்டை எடுத்துப் படத்தின் அளவை மாற்றும் பொத்தானை அழுத்திக்கொண்டே போகிறார்கள். ஏதோ ஒரு நிலையில் படம் சரியாகத் தெரிகிறது. சேனலை மாற்றியதும் மறுபடியும் கெட்டுவிடுகிறது. செயற்கைக்கோள் ரிசீவருடன் இணைந்த டிவியில் படத்தின் வடிவத்தை மாற்றும் வசதி ரிசீவரிலும் இருக்கிறது, டிவியிலும் இருக்கிறது. ஒன்று செய்த மாற்றம் மற்றதற்குத் தெரியாமல் இரண்டும் ஒரே படத்தைத் திருத்துவதுதான் கோளாறுகளில் பெரும்பகுதிக்குக் காரணம். எனவே எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் வடிவத்தை ஒரு கருவி மட்டுமே மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது எந்தக் கருவி என்பதைத்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒளிபரப்பில் வரும் படங்கள் பெரும்பாலும் மூன்று வடிவங்களைச் சேர்ந்தவை. பழைய நிகழ்ச்சிகள் அகலத்துக்கு 4, உயரத்துக்கு 3 என்ற 4:3 விகிதத்திலும், இன்றைய நிகழ்ச்சிகள் 16:9 விகிதத்திலும், திரைப்படங்கள் பல அதைவிடவும் அகலமான 2.35:1 அல்லது 2.39:1 விகிதத்திலும் இருக்கின்றன. 16:9 என்ற அளவே 1980களில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற பொறியாளர் பழைய 4:3 படத்துக்கும் அகலமான திரைப்படத்துக்கும் நடுவில் பொருந்தும்படி கண்டறிந்த சமரசம், 4:3, 2.35 ஆகிய இரண்டின் பெருக்கல் சராசரி ஏறத்தாழ 1.77 என்று கணக்கும் பொருந்துகிறது. ஆகவே எல்லா நிகழ்ச்சிகளும் இந்தத் திரையை முழுமையாக நிரப்பும் என்று எதிர்பார்க்க இடமே இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. எஸ்டி எனப்படும் சாதாரணத் தெளிவு ஒளிபரப்பில் 4:3 படமும் 16:9 படமும் 720 புள்ளி அகலமும், நாட்டுக்கேற்ப 576 அல்லது 480 வரி உயரமும் கொண்ட ஒரே சட்டத்துக்குள்தான் (ஃபிரேம்) வருகின்றன. அந்தச் சட்டத்தை எவ்வளவு அகலமாக விரிக்க வேண்டும் என்பதை, உடன் வரும் ஒரு சிறு குறியீடுதான் சொல்கிறது. அதை ரிசீவர் படித்து அதன்படி நடந்தால் படம் சரியாக இருக்கும், புறக்கணித்தால் கெடும்.

முதலில் பார்க்க வேண்டியது: ரிசீவரில் உள்ள டிவி வகை

ரிசீவரின் அமைப்புகளில் டிவி வகை அல்லது திரை விகிதம் என்ற பெயரில் 4:3, 16:9 என இரண்டு தெரிவுகள் இருக்கும். இது நிகழ்ச்சியின் வடிவத்தைப் பற்றிய கேள்வி அன்று. நம் வீட்டுத் திரையின் வடிவத்தைப் பற்றியது. அகலத் திரை வைத்திருப்பவர் இதில் 16:9 என்பதைத் தேர்ந்தெடுப்பதைத் தவிர வேறு வழியே இல்லை. இங்கே பிழை இருந்தால் டிவியில் எதை மாற்றினாலும் முழுமையாகச் சரியாகாது.

4:3, லெட்டர்பாக்ஸ் என்று அமைக்கப்பட்ட ரிசீவர், 16:9 நிகழ்ச்சி வரும்போது அதைச் சுருக்கி மேலும் கீழும் கறுப்புப் பட்டை வைத்து அனுப்புகிறது. டிவி அந்தச் சட்டத்தை அப்படியே திரை முழுக்க விரித்தால், பட்டைகளும் நீங்காமல், மனிதர்களும் குள்ளமாகவும் பருமனாகவும் தெரிவார்கள். டிவியில் ஜூம் வைத்தால் வடிவம் சரியாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் 576 வரிகளில் பட்டைகளுக்குப் போக 432 வரிகளில் மட்டுமே படம் இருந்தது. அதைத்தான் பெரிதாக்கிப் பார்க்கிறோம். தெளிவில் கால் பங்கை வீணாக இழந்த பிறகு கிடைக்கும் சரியான வடிவம் அது. பான் ஸ்கேன் தெரிவு இதைவிடவும் மோசமானது. அது 16:9 படத்தின் இரு ஓரங்களையும் சேர்த்து அகலத்தில் கால் பங்கை வெட்டிவிட்டு 4:3 ஆக அனுப்புகிறது. வெட்டப்பட்டதை டிவியால் மீட்டுத் தரவே முடியாது.

திரையைப் பார்த்தே பிழை எங்கே என்று ஊகிக்கலாம். மேலும் கீழும் பட்டை இருந்து ஆட்கள் குள்ளமாகத் தெரிந்தால், டிவி 4:3 என்று ரிசீவர் நம்பிக்கொண்டிருக்கிறது. இரு பக்கமும் பட்டை இருந்து ஆட்கள் ஒல்லியாகவும் நெட்டையாகவும் தெரிந்தால், ரிசீவர் சரியாக அனுப்பியதை டிவி மறுபடியும் 4:3 ஆகச் சுருக்குகிறது. சேனலின் மூலையில் உள்ள வட்டச் சின்னமும், செய்தி அரங்கில் தெரியும் கடிகாரமும் இந்தச் சோதனைக்குப் போதுமானவை. மனித முகத்தை மட்டும் வைத்து முடிவு செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இழுபட்ட முகத்துக்குக் கண் வெகு விரைவில் பழகிவிடுகிறது.

பொறுப்பை யாரிடம் விடுவது?

முதல் வழி, ரிசீவரே எல்லாவற்றையும் 1080 வரிக்கு மாற்றி ஹெச்டிஎம்ஐ வழியாக அனுப்புவது. 1920 புள்ளி அகலமும் 1080 வரி உயரமும் கொண்ட சட்டம் எப்போதும் 16:9 தான். ஆகவே 4:3 நிகழ்ச்சி வரும்போது ரிசீவரே இரு பக்கமும் பட்டை வைத்துவிடுகிறது. ரிசீவர்களில் இதற்கு பில்லர்பாக்ஸ் என்று பெயர் இருக்கும். டிவி எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. அதை முழுத் திரையில் வைத்துவிட்டால் பிறகு தொடவே வேண்டாம். சேனல் மாறும்போது திரை கறுத்து மீளும் தொந்தரவும் இல்லை. இதன் குறை படத்தின் தரத்தில் இருக்கிறது. மலிவான ரிசீவரில் படத்தைப் பெரிதாக்கும் சில்லு சுமாராகவே இருக்கும். எஸ்டி சேனல்களில் எழுத்தின் ஓரங்கள் பிசிறடிப்பதிலும், நகரும் பொருள்களின் விளிம்பு சீப்புப் பற்களாகப் பிரிவதிலும் அது தெரிந்துவிடும்.

இரண்டாம் வழி, ரிசீவரை நேட்டிவ் அல்லது ஒரிஜினல் நிலையில் வைத்து, ஒளிபரப்பில் வந்த சட்டத்தை அப்படியே டிவிக்கு அனுப்பச் செய்வது. ஹெச்டிஎம்ஐ இணைப்பில் படத்துடன் அதன் விகிதத் தகவலும் போகும் என்பதால், 576 வரிச் சட்டம் வந்தாலும் அது 4:3 வகையா 16:9 வகையா என்பதை டிவி அறிந்துகொள்ள முடியும். பெரிதாக்கும் வேலையை டிவியின் சில்லு பெரும்பாலும் நன்றாகவே செய்கிறது, 4கே திரைகளில் குறிப்பாக. ஆனால் எஸ்டி சேனலிலிருந்து ஹெச்டி சேனலுக்குத் தாவும் ஒவ்வொரு முறையும் டிவி புதிய சட்டத்துக்கு ஒத்திசைய வேண்டியிருப்பதால் திரை சில வினாடிகள் கறுத்து மீளும். இன்னொன்று, ரிசீவர் விகிதத் தகவலைச் சரியாக அனுப்பவும் வேண்டும், டிவி அதை மதிக்கவும் வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் 4:3 படம் திரை முழுக்க இழுபடும்.

சேனல் சேனலாகத் தாவிப் பார்க்கும் வீட்டுக்கு முதல் வழியே நல்லது. எஸ்டி சேனல்களையே அதிகம் பார்ப்பவர், ஒரு சேனலில் நிலைத்து உட்காருபவர், நல்ல டிவி வைத்திருப்பவர் ஆகியோர் இரண்டாம் வழியை முயன்று பார்க்கலாம். இரண்டில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு சொல் என்றால் முதல் வழியையே சொல்வேன். தெளிவு சற்றுக் குறைந்தாலும் வடிவம் ஒருபோதும் கெடாமல் இருப்பது, நாள்தோறும் பார்க்கும் கருவியில் பெரிய நிம்மதி.

டிவியில் ஆட்டோ என்றொரு நிலையும் இருக்கும். படத்தின் எந்தப் பகுதி உண்மையான காட்சி, எது வெறும் பட்டை என்று சொல்லும் ஏஎஃப்டி என்ற குறியீட்டைச் சில ஒளிபரப்புகள் சேர்த்து அனுப்புகின்றன. அது ஒழுங்காக வரும் இடத்தில் ஆட்டோ நன்றாகவே வேலை செய்யும். குறியீடு இல்லாதபோது, கறுப்புப் பகுதியை அளந்து தானாக ஊகிக்கும் டிவிகளும் உண்டு. அவை இருண்ட காட்சி வந்ததும் பட்டை என்று தவறாக எண்ணிப் படத்தைத் திடீரெனப் பெரிதாக்கி, வெளிச்சம் வந்ததும் மீண்டும் சுருக்கும். அத்தகைய ஆட்டோவை அணைத்துவிடுவது மேல்.

4:3 படத்தைத் திரை முழுக்க நிரப்பும் முறைகள்

பக்கப் பட்டைகளைப் பார்த்தாலே பலருக்குப் பணம் வீணாகிவிட்டது போன்ற மனக்குறை எழுகிறது. 16:9 திரையில் 4:3 படம் அகலத்தில் முக்கால் பங்கை மட்டுமே பிடிக்கும், பக்கத்துக்கு 12.5 சதவீதம் வெறுமையாக நிற்கும். அந்த வெறுமையை நிரப்ப டிவி தரும் முறை ஒவ்வொன்றிலும் படம் எதையாவது இழக்கிறது.

ஸ்ட்ரெச் அல்லது வைட் என்ற முறை எதையும் வெட்டுவதில்லை. ஆனால் எல்லாவற்றையும் மூன்றில் ஒரு பங்கு அகலமாக்குகிறது. ஜூம் முறை வடிவத்தைக் காப்பாற்றிவிட்டு, மேலே 12.5 சதவீதத்தையும் கீழே 12.5 சதவீதத்தையும் வெட்டுகிறது. பழைய நிகழ்ச்சிகளில் எழுத்துகளை விளிம்பிலிருந்து 10 சதவீதம் உள்ளே தள்ளி வைப்பது தயாரிப்பாளர்களின் வழக்கம். ஜூம் வெட்டுவதோ அதைவிட அதிகம். அதனால்தான் பேசுபவரின் பெயரும் வசன வரியும் பாதி அறுபட்டுத் தெரிகின்றன.

பனோரமா அல்லது ஸ்மார்ட் என்ற முறை கேட்பதற்குக் கவர்ச்சியானது: நடுப்பகுதியை ஏறத்தாழ இயல்பாக விட்டுவிட்டு, ஓரங்களை மட்டும் இழுக்கிறது. நடுவில் அசையாமல் அமர்ந்திருக்கும் செய்தி வாசிப்பாளர் இதில் நன்றாகவே தெரிவார். கீழே ஓடும் செய்தி வரியைக் கவனித்தால் விஷயம் வெளிப்படும். எழுத்து வலது ஓரத்தில் பருத்து நுழைந்து, நடுவில் இளைத்து, இடது ஓரத்தில் மறுபடியும் பருத்து வெளியேறும். அதன் வேகமும் ஓரத்தில் கூடி நடுவில் குறையும். கேமரா பக்கவாட்டில் திரும்பும் விளையாட்டுக் காட்சிகளில் மைதானமே வளைவது போன்ற உணர்வு வரும். நிரப்பும் முறைகளில் எனக்கு மிகக் குறைந்த மதிப்பு இதன் மேல்தான்.

நிரப்பியே ஆக வேண்டும் என்பவருக்கு 14:9 ஓரளவு நியாயமான இடைவழி. அது உயரத்தில் மேலும் கீழும் 7 சதவீதம் அளவுக்கே வெட்டுகிறது, பக்கப் பட்டையும் பாதியாகக் குறைகிறது. ஆனால் எல்லா டிவிகளிலும் இந்தத் தெரிவு இருப்பதில்லை. என் தேர்வு பட்டைகளே. ஓலெட், பிளாஸ்மா திரை வைத்திருப்பவர் மட்டும், ஒரே இடத்தில் பல மணி நேரம் பட்டை நிற்கும் 4:3 சேனலை நாள் முழுக்க ஓட விடாமல் இருப்பது நல்லது. திரை சீரற்றுத் தேய்ந்து தடம் பதியும் வாய்ப்பு அவற்றில் உண்டு.

டிவி ரிமோட்டைத் தொட வேண்டிய இடங்கள்

4:3 சேனலில் அகலத் திரைப்படம் ஒளிபரப்பாகும்போது, மேல் கீழ்ப் பட்டை ஒளிபரப்பிலேயே சேர்ந்து வருகிறது. பக்கப் பட்டையை ரிசீவர் சேர்க்கிறது. நான்கு புறமும் கறுப்பு சூழ, 16:9 படமாக இருந்தால் திரைப் பரப்பில் 56 சதவீதத்தில் மட்டுமே அது தெரியும். இங்கே ஜூம் முற்றிலும் பொருத்தமானது. வெட்டப்படுவது வெறும் பட்டைதான். வசன வரிகள் கீழ்ப் பட்டைக்குள் அமைந்திருந்தால் மட்டும் படத்தைச் சற்று மேலே நகர்த்தும் வசதியைப் பயன்படுத்த வேண்டியிருக்கும்.

பழைய 4:3 பதிவை நிலையமே 16:9 ஆக இழுத்து ஒளிபரப்புவதும் உண்டு. குறியீடும் 16:9 என்றே வருவதால் ரிசீவரால் எதுவும் செய்ய முடியாது. டிவியில் 4:3 நிலையைத் தேர்ந்தெடுத்தால் படம் மீண்டும் தன் இயல்பான வடிவத்துக்குச் சுருங்கும். ஹெச்டி உள்ளீட்டில் அந்த நிலையை அனுமதிக்காத டிவிகளும் இருக்கின்றன.

ஹெச்டி சேனல்களுக்கு ஓவர்ஸ்கேனை நீக்குவதும் அவசியம். பழைய குழாய் டிவியின் வழக்கப்படி, சில டிவிகள் படத்தை இரண்டு முதல் ஐந்து சதவீதம் வரை பெரிதாக்கி ஓரங்களை மறைக்கின்றன. புள்ளிக்குப் புள்ளி பொருந்தாததால் தெளிவும் மங்குகிறது. எல்ஜியில் ஜஸ்ட் ஸ்கேன், சோனியில் ஃபுல் பிக்சல் என்று பெயர் வேறுபட்டாலும் நாம் தேட வேண்டியது இதை நீக்கும் தெரிவைத்தான்.

ஹெச்டிஎம்ஐ இல்லாத பழைய ரிசீவரை மஞ்சள் நிற வீடியோ கேபிளில் இணைத்திருப்பவருக்கு மட்டும் கணக்கு மாறுகிறது. அங்கேயும் டிவி வகை 16:9 தான். ஆனால் பில்லர்பாக்ஸ் வைத்தால் 720 புள்ளி அகலத்தில் 540 புள்ளிகளே படத்துக்குக் கிடைக்கும். ரிசீவர் அனுப்பும் விகிதக் குறிப்பை டிவி புரிந்துகொள்கிறதா என்று ஒரு 4:3 சேனலையும் ஒரு 16:9 சேனலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். டிவி தானாக மாறினால் 4:3 படத்தைப் பட்டை சேர்க்காமல் அப்படியே அனுப்பச் சொல்லலாம். மாறாவிட்டால் தெளிவில் அந்த இழப்பை ஏற்றுக்கொண்டு பில்லர்பாக்ஸிலேயே விட்டுவிடலாம்.